இல்லை என்று சொன்னவர்

காமயகவுண்டன்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, கஸ்தூரியம்மாள் வீடு எது என்று கேட்டால், "எந்தக் கஸ்தூரியம்மா?" என்று திருப்பிக் கேட்பார்கள். நாத்திகர் வீடு என்று கேட்டால் கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். கர்ணன் இறந்து மூன்று வருஷமாகிவிட்டது. இந்த எண்பத்தைந்தாம் வருஷத்திலும் அந்தப் பெயர் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. புதிதாக வருகிறவர்கள் வாசலில் அரிசிமாக் கோலத்தையும், நிலைக்கு மேலே மாட்டியிருக்கும் மந்தையம்மன் படத்தையும், செவ்வாய் வெள்ளியில் வெளியே கசியும் சாம்பிராணிப் புகையையும் பார்த்துவிட்டு, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று தயங்கி நிற்பார்கள். "இதுதாய்யா, உள்ள வா" என்பாள் கஸ்தூரி.

நாத்திகர் என்ற சொல் அவள் காதில் முதல்முதலாக விழுந்தது அவளுடைய கல்யாணத்தன்று, தேவாரத்தில். அறுபத்து மூன்றாம் வருஷம். பெண் கேட்டு வந்தபோதே கர்ணன் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஐயர் வேண்டாம், ஓமம் வேண்டாம், நல்ல நேரம் பார்க்க வேண்டாம். இரண்டு பெரியவர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொண்டால் போதும். மாப்பிள்ளை பள்ளி இறுதி வரை படித்தவர், கெட்ட பழக்கம் இல்லை, கிணற்றுப் பாசனத்தோடு நிலம் இருக்கிறது என்று அவள் அப்பா தலையாட்டிவிட்டார். கல்யாணச் சமையலறையில் ஒரு சித்தி அடுத்தவள் காதோரம் குனிந்து, "மாப்பிள்ளை நாத்திகராம்ல" என்றாள். மாப்பிள்ளைக்குக் காக்காய் வலிப்பாம் என்று சொல்கிற குரல் அது. கஸ்தூரி அதை ஏதோ வியாதி என்றே எடுத்துக்கொண்டாள். வந்த புதிதில் அவர் சாப்பிடும்போதும் நடக்கும்போதும் எங்காவது அறிகுறி தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான்கைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நேராகவே கேட்டுவிட்டாள். அப்போதுதான் தோட்டத்தில் திராட்சை போட்டிருந்தார்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, கொடியைச் சணலால் கட்டி மேலே ஏற்றிக்கொண்டிருந்தார் கர்ணன். அவள் கீழே நின்று சணலை நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நாத்திகருன்னா என்னங்க?"

"இல்லைன்னு சொல்றவன்."

"எத இல்லைன்னு?"

"சாமிய."

கஸ்தூரி யோசித்தாள். "எங்க அப்பாவும் யாரு எதக் கேட்டு வந்தாலும் இல்லைன்னுதான் சொல்லுவாக. அவுகளுக்கு யாரும் பேரு வைக்கல."

கர்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, வடமொழியில் 'அஸ்தி' என்றால் இருக்கிறது, 'நாஸ்தி' என்றால் இல்லை, அதிலிருந்து வந்ததுதான் ஆத்திகமும் நாத்திகமும் என்று விளக்கினார்.

"நாஸ்தியா? குழம்புல உப்பு கூடிப்போனா நாஸ்தியாப் போச்சும்போமே, அந்த நாஸ்தியா?"

"அதே நாஸ்திதான். இல்லாமப் போனதைத்தான் அப்படிச் சொல்றோம்."

"அப்ப நீங்க சாமிய நாஸ்தி பண்றவுக."

"நான் ஒண்ணும் பண்ணல புள்ள. இருந்தால்ல பண்றதுக்கு."

வியாதி இல்லை என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி. அந்த வெள்ளிக்கிழமையே ஊருக்கு மேற்கே இருக்கும் மந்தையம்மன் கோயிலுக்குப் போய், இவருக்கு நல்ல புத்தி கொடு என்று வேண்டிக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. போய்வர இருட்டிவிட்டால் கோயில் வளைவு வரை டார்ச் லைட்டோடு வந்து, புளியமரத்தடியில் நின்று கூட்டிக்கொண்டு போவார். உள்ளே மட்டும் வரமாட்டார். பூசாரி வேலுச்சாமி இலையில் மடித்துக் கொடுக்கும் சர்க்கரைப் பொங்கலை மிச்சமில்லாமல் சாப்பிடுவார். "இதுல மட்டும் சாமி இல்லையாக்கும்" என்பாள் கஸ்தூரி. "இதுல நெய் இருக்கு" என்பார் அவர்.

இப்போது நினைத்துப் பார்த்தால் அந்த வருஷங்களில் மிகவும் சந்தோஷமாக இருந்தது தேனிக்குப் போய்வந்த சனிக்கிழமைகளில்தான் என்று அவளுக்குத் தோன்றுகிறது. பந்தலுக்குக் கம்பி, மருந்து அடிக்கிற பம்புக்கு வாஷர் என்று ஏதாவது ஒரு சாக்கு இருக்கும். காலை பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தால் சின்னமனூர் வரை இரண்டு பக்கமும் நெல் வயல், வாழை, தென்னை. கர்ணன் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டு வருவார். தேனி பஜாரில் பொன்னுராஜ் அண்ணாச்சியின் இரும்புக்கடைக்குள் நுழைந்தால் கம்பிச் சுருள்களின் எண்ணெய் வாடையும், கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி ஞானபாக்கியம் அக்கா போடும் காபி மணமும் சேர்ந்து வரும்.

பொன்னுராஜ் கிறிஸ்தவர், சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர். அவருக்கும் கர்ணனுக்கும் எப்படி ஒட்டியது என்று பஜாரில் யாருக்கும் விளங்கவில்லை. கம்பி நிறுத்துப் போட்டதும் இரண்டு பேரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்கள். குரல் உயரும்போது ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கஸ்தூரி அக்காவோடு அடுப்படி வாசலில் உட்கார்ந்து, இங்கே இரண்டு கதை, அங்கே இரண்டு வார்த்தை என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு சனிக்கிழமை பொன்னுராஜ் ஒரு புதுச் சங்கதியோடு காத்திருந்தார்.

"கர்ணன், ஒங்க பேரு ஒங்க சொத்து இல்ல, தெரியுமா? மொதல்ல அது எங்களுக்கு வச்ச பேரு."

"எது, நாத்திகனா?"

"ஆமா. வேதாகமக் கல்லூரியில படிச்சிட்டு வந்த எங்க போதகர் ஏசுதாசன் ஐயர் போன வாரம் பிரசங்கத்துல சொன்னாக. கிரேக்க பாஷையில 'அதேயோஸ்'னு ஒரு வார்த்தை. தெய்வம் அத்தவன்னு அர்த்தம். ஆதிச் சபைக்காரங்களை ரோமாபுரியில அந்தப் பேரச் சொல்லித்தான் பிடிச்சாக. இவன் நம்ம கோயிலுக்கு வரல, சிலைக்குத் தூபம் காட்டல, இவன் வீட்டுல ஒரு சாமியும் காணோம், அப்ப இவன் சாமி இல்லாதவன்னுட்டாக."

கர்ணன் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் சந்தோஷம் வந்ததை அடுப்படியிலிருந்தே கஸ்தூரி பார்த்தாள். "இங்கனயும் அதே கதைதான் அண்ணாச்சி. ஆதியில சாமி இல்லைன்னவன நாத்திகன்னு சொல்லல. வேதத்தை ஒத்துக்காதவனைத்தான் சொன்னாக. சமணன், பௌத்தன் எல்லாம் அந்தப் பட்டியலுக்குள்ள வந்துட்டான். படைச்சவன் ஒருத்தன் தேவையில்லைன்னு சொல்லிக்கிட்டே வேதத்தை ஒத்துக்கிட்டவுகளும் இருந்தாக. அவுக ஆத்திகரு. கண்ணுல படுற மண்ணும் தண்ணியும் நெருப்பும் காத்தும்தான் உலகம், செத்தா அதோட சரின்னு சொன்னவுகளும் அந்தக் காலத்துலயே இருந்தாக. அவுக எழுதுனதெல்லாம் போயிருச்சு. அவுகள வைதவுக எழுதுனதுதான் மிச்சம்."

அடுப்படியில் இருந்த ஞானபாக்கியம் திரும்பிப் பார்த்தார். "எங்க தாத்தா மொத மொதல்ல கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தப்ப, திருநெல்வேலிப் பக்கம் எங்க ஊர்ல அவரு கிணத்துல தண்ணி எடுக்க விடலையாம். குலசாமிய விட்டவன், சாமி இல்லாதவன்னு. அப்ப இது அவன் இவனுக்கு வச்ச பேரு, இவன் அவனுக்கு வச்ச பேருதானா? தனக்குத்தானே யாரும் வச்சுக்கிடலையா?"

"அது ரொம்பப் பின்னாலக்கா" என்றார் கர்ணன். "வைத பேரையே எடுத்துச் சட்டை மாதிரி மாட்டிக்கிட்டாக. ஆமாய்யா, நான் அதுதான்னு."

அன்றைக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் பேப்பரைப் பிரிக்கவே இல்லை. உத்தமபாளையம் தாண்டுகிற வரை ரோமாபுரியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். தன்னைப் போலவே வசவு வாங்கியவர்கள் தனக்கு நேர் எதிர்ப்பக்கத்திலும் இருந்திருக்கிறார்கள் என்பது அவருக்கு ஏதோ சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி இருந்தது.

எழுபத்தொன்றாம் வருஷம் தை மாதம் மந்தையம்மன் கோயிலில் உற்சவ அம்மனைக் காணவில்லை. ஒரு முழ உயர ஐம்பொன் சிலை. திருவிழாவுக்கு மட்டும் வெளியே வருகிற அம்மன். காலையில் கதவு பூட்டியபடியே இருக்க, உள்ளே பீடம் காலியாக இருந்தது. சாவி இருந்தது இரண்டே பேரிடம். ஒருவர் பூசாரி வேலுச்சாமி. இன்னொருவர் கோயில் கமிட்டித் தலைவர் சுருளியாண்டி. ஊரில் பாதித் தென்னந்தோப்பு அவருடையது. சுருளியாண்டி முன்னால் நின்று புகார் கொடுத்தார். மத்தியானத்துக்குள் போலீஸ் வந்து வேலுச்சாமியைக் கூட்டிக்கொண்டு போனது. இடுப்பில் ஈர வேட்டியோடு, நெற்றியில் பட்டை திருநீறோடு அவர் ஜீப்பில் ஏறியதை ஊரே நின்று பார்த்தது. கஸ்தூரியும் பார்த்தாள். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்ட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தாள்.

கர்ணன் வந்து விஷயத்தைக் கேட்டதும் சட்டையைக் கழற்றாமலே நின்றார்.

"காலையில மடை திறக்கப் போனேன்ல" என்றார். "வெளுக்கிற நேரம். கோயிலுக்குப் பின்னால சுருளியாண்டி தம்பியோட ஜீப்பு நின்னுச்சு. சாக்குல சுத்தி எதையோ ஏத்துனாக. தென்னங்கன்னு ஏத்துறாகன்னு நெனச்சேன்."

"அதப் போய்ச் சொல்லலையா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான் சொன்னா என்ன ஆகும் தெரியுமா? சாமி இல்லைங்கிறவன், கோயில் கமிட்டிக்காரன் மேல வஞ்சம் தீர்க்கிறான்னுவாக. ஒருத்தன் நம்ப மாட்டான். இது அவுக சாமி, அவுக கோயில், அவுக திருட்டு. நான் எதுக்கு நடுவுல?"

கஸ்தூரி எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். அன்றைக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்தது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது.

"சாமி இல்லைன்னு சொன்னீக, சரி. அத நான் ஒங்ககிட்டக் கேக்கல. வேலுச்சாமி இருக்காரா, இல்லையா?"

கர்ணன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்.

ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வேலுச்சாமியை விடவில்லை. இரண்டு பக்கமும் விசாரணை என்று வழக்கு கோர்ட்டுக்குப் போனது. சுருளியாண்டி நேரில் வந்து எதுவும் பேசவில்லை. ஆள்தான் வந்தது. நல்ல வார்த்தையாகவும் வந்தது, கெட்ட வார்த்தையாகவும் வந்தது. மாசி பிறந்து குலைகள் கறுத்துக்கொண்டிருந்த சமயம். ஒரு காலையில் தோட்டத்துக்குப் போனால் மேற்குப் பந்தலில் முக்கால்வாசிக் கொடிகளை அடியோடு அறுத்துப் போட்டிருந்தார்கள். பந்தலில் இலை அப்படியே பச்சையாக இருந்தது, வாடுவதற்குக்கூட நேரமாகவில்லை. கர்ணன் அறுபட்ட தண்டு ஒவ்வொன்றையும் குனிந்து தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். கஸ்தூரி வரப்பில் உட்கார்ந்து அழுதாள்.

ஊரில், "ஆத்தா தண்டிச்சிட்டா" என்று பேசிக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாயடியில் பஞ்சம்மாள் என்கிற பக்கத்து வீட்டுக்காரி அதை அவள் காதுபடவே சொன்னாள். கஸ்தூரி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஆத்தாகிட்ட ஏது பஞ்சம்மா அரிவாளு? நான் நித்தம் பாக்குறேன், அவ கையில சூலம்ல இருக்கு" என்றாள். அதன்பிறகு அவளும் கர்ணன் போல ஊரில் பாதிப்பேரோடு பேச்சில்லாமல் ஆனாள்.

சாட்சி சொல்ல உத்தமபாளையம் கோர்ட்டுக்குப் போன அன்று பொன்னுராஜ் கடையை அடைத்துவிட்டு ஞானபாக்கியத்தோடு வந்துவிட்டார். "எதிர் வக்கீலு ஒங்க கொள்கையைத்தான் பிடிப்பாரு. பதில் தயாரா வச்சுக்கிடுங்க" என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். கர்ணன் ஒரு வாரமாகத் தயார் செய்துகொண்டிருந்தார். மடை மாற்றும்போதும் பல் தேய்க்கும்போதும் ரோமாபுரி, சமணர், வேதம் என்று முனகிக்கொண்டிருந்தது கஸ்தூரிக்கே பாதி மனப்பாடமாகிவிட்டது.

கூண்டில் ஏறியதும் குமாஸ்தா, கடவுள் அறியச் சொல்வதெல்லாம் உண்மை என்று சொல்லச் சொன்னார். கர்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மொதல் ரெண்டு வார்த்தையை விட்டுட்டு மிச்சத்தைச் சொல்றேங்க."

கோர்ட்டில் சலசலப்பு. மாஜிஸ்திரேட் நிமிர்ந்து, சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது, மனதார உறுதி சொன்னால் போதும் என்றார். கர்ணன் சொன்னார். பிறகு ஜீப்பையும் சாக்கையும் நின்ற இடத்தையும் பற்றிக் கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். சுருளியாண்டி தரப்பு வக்கீல் எழுந்தார். வெள்ளை மீசை வைத்த, மரியாதையாகப் பேசுகிற மனிதர்.

"நீங்கள் நாத்திகர்தானே?"

"அப்படித்தான் சொல்லுவாக."

"நாத்திகர் என்றால் என்ன அர்த்தம் என்று கோர்ட்டுக்குச் சொல்லுங்கள்."

இதோ வருகிறது என்று கஸ்தூரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொன்னுராஜும் முன்னால் சாய்ந்தார். கர்ணன் வாயைத் திறந்தார், மூடினார். ரோமாபுரி வரவில்லை. சமணரும் வரவில்லை.

"சாமி இருக்கிறதா எனக்குத் தெரியலைங்க" என்றார் கடைசியில். "தெரியாததை இருக்குன்னு சொல்ல எனக்கு வரல. அவ்வளவுதாங்க அர்த்தம்." மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். "ஜீப்பு இருந்துச்சு. அது தெரியும். அதத்தான் சொல்ல வந்தேன்."

வக்கீல் விடவில்லை. "தெய்வம் தண்டிக்கும் என்ற பயம் இல்லாத ஒருவர், பொய் சொல்லமாட்டார் என்று எதை வைத்து நம்புவது?"

கர்ணன் திரும்பிப் பெஞ்சுகளைப் பார்த்தார். "எம் பொண்டாட்டி அங்கன உக்காந்திருக்குங்க. இங்கன பொய் சொல்லிட்டு அது மூஞ்சியில எப்படி முழிக்க?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்தூரி முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்துகொண்டாள். சிரித்தவர்கள் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் கேட்டாள். "ஏங்க, ரோமாபுரிய ஏன் சொல்லல?"

"மறந்துபோச்சு புள்ள."

பொன்னுராஜ் சிரித்த சிரிப்பில் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மறந்ததே நல்லதுய்யா" என்றார்.

அடுத்த மாதம் ஜீப் டிரைவர் உண்மையைக் கக்கிவிட்டான். குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு மிளகுக் குடோனில் சாக்குமூட்டைக்கு அடியிலிருந்து அம்மனை எடுத்தார்கள். சுருளியாண்டியின் தம்பி உள்ளே போனான். சுருளியாண்டிக்கு இதில் பங்கு உண்டா இல்லையா என்று கடைசிவரை நிரூபணமாகவில்லை, ஆனால் கமிட்டித் தலைமை போய்விட்டது. வேலுச்சாமி இளைத்து, கன்னம் ஒட்டி, நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே வந்தார். நேரே கர்ணன் வீட்டுக்குத்தான் வந்தார். கஸ்தூரி போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அதே கட்டிலில் படுத்துத் தூங்கினார். கர்ணன் வெளியே போய்ச் சத்தம் போடாமல் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வருஷத் திருவிழாவில் கர்ணனுக்குப் பரிவட்டம் கட்டுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து ஆள் அனுப்பினார்கள். மந்தையம்மனே திரும்பி வருவதற்கு நாத்திகன் வாயில் புகுந்து பேசினாள் என்று ஊரில் கதை பரவியிருந்தது. "ஏய்யா, ஒங்க ஆத்தாவுக்கு ஊர்ல வேற வாயே கிடைக்கலையா?" என்று கர்ணன் கேட்டார். வந்தவர்கள் நெளிந்தார்கள். "கோவிச்சுக்காதீக. கும்பிடாத தலைக்கு எதுக்குத் துணி? உள்ள கிடந்துட்டு வந்தவரு வேலுச்சாமி. அவருக்குக் கட்டுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தக் கோயிலில் அதுவரை யாருக்கும் கட்டிவிடுகிற கைதான் வேலுச்சாமியுடையது. அன்று அவர் தலையில் ஊர்ப் பெரியவர் கட்டினார். வேலுச்சாமி குழந்தை மாதிரி தேம்பினார். கஸ்தூரி கூட்டத்துக்குள்ளிருந்து எட்டி வெளியே பார்த்தாள். புளியமரத்தடியில் வெயிலுக்கு ஒதுங்கி, கர்ணன் ஒற்றைக் காலை மடக்கிச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அம்மன் முன்னால் கண்ணை மூடியபோதுதான், எப்போதும் முதலில் கேட்கிறதை, அவருக்கு நல்ல புத்தி கொடு என்பதை, அன்று கேட்கவே மறந்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் அவள் அதைக் கேட்கவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் அவள் அவரிடம் சொன்னதில்லை. வெளுக்கிற நேரத்தில் அவரை மடைக்கு அனுப்பி வைத்தது மந்தையம்மன்தான் என்று அவளும் நம்பினாள். சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இப்போது அந்தச் சிரிப்புக்காகவாவது சொல்லியிருக்கலாம் என்று இருக்கிறது.

அதற்குப் பிறகு பத்துப் பதினொரு வருஷம் ஓடியது. கொடியை மறுபடி நட்டார்கள். அவர்களுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் வளர்ந்து, ஒருத்தி போடியிலும் ஒருத்தி பழனிசெட்டிபட்டியிலுமாகத் தங்கிப் படிக்கப் போனார்கள். சனிக்கிழமை தேனிப் பயணம் நிற்கவில்லை. பொன்னுராஜும் கர்ணனும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதே சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். தலை மட்டும் நரைத்துக்கொண்டு போனது. ஞானபாக்கியம் அக்கா சர்க்கரை வியாதிக்காகக் காபியில் சீனியைக் குறைத்தார்.

எண்பத்திரண்டில் ஒரு காலை, பந்தலுக்குக் கீழே குலை வெட்டிக்கொண்டிருந்த கர்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கூடை தூக்க வந்த பெண்கள் சத்தம் போட்டுக் கஸ்தூரி ஓடிப்போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

செத்தால் சடங்கு எதுவும் கூடாது என்று அவர் பல தடவை சொல்லியிருந்தார். ஆனால் தேவாரத்திலிருந்து வந்த அவளுடைய அண்ணன்மாரும், அவர் பக்கத்துப் பங்காளிகளும் சேர்ந்துகொண்டார்கள். உசிரோடு இருக்கையில் என்னவோ பேசினார், போகிற வழிக்காவது நல்லது செய்து அனுப்புவோம் என்றார்கள். பொன்னுராஜ் தள்ளாடிக்கொண்டு வந்து உடலின் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். பிறகு கஸ்தூரியிடம் வந்து, "தாயி, நான் ஒரு ஜெபம் பண்ணிக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

"மனசுக்குள்ள பண்ணிக்கங்க அண்ணாச்சி. அவுக காதுல விழ வேண்டாம்."

அவர் தலையாட்டிவிட்டு, உதடு மட்டும் அசைய நின்றார்.

வேலுச்சாமி கோயிலிலிருந்து திருநீற்றுத் தட்டோடு வந்திருந்தார். பங்காளிகள்தான் வரச்சொல்லியிருந்தார்கள். எல்லோரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் உடலின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார். ஆனால் தட்டைத் தொடவில்லை. கஸ்தூரியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆத்தா, பூசவா?"

வீடு முழுக்கக் கூட்டம். அவளுடைய மூத்த அண்ணன், "கேக்கிறதுக்கு என்னய்யா இருக்கு, பூசு" என்றார். கஸ்தூரி கர்ணனுடைய நெற்றியைப் பார்த்தாள். அகலமான நெற்றி, இரண்டு கோடு விழுந்திருந்தது. இருபது வருஷத்தில் ஒருநாள் அதில் ஒரு கீற்றுத் திருநீறு இருக்காதா என்று அவள் எவ்வளவோ ஏங்கியிருக்கிறாள். இப்போது கையெட்டும் தூரத்தில் தட்டு இருந்தது.

"வேண்டாம்ணே" என்றாள். "இருக்கையில பூச விடாதவுகளுக்கு இப்பப் பூசுனா, கேக்க ஆளில்லன்னு செஞ்ச மாதிரி ஆயிரும். அவுக சொன்னபடியே போகட்டும்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேலுச்சாமி கையைக் காட்டி அவரை அமர்த்திவிட்டு, தட்டை எடுத்துக் கஸ்தூரியிடம் நீட்டினார். அவள் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். வேலுச்சாமி தட்டைச் சுவரோரம் வைத்தார், துண்டைத் தோளில் மடித்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். தூக்குகிற நேரம் வந்தபோது தலைமாட்டில் ஒரு பக்கம் அவரும், மறுபக்கம் யார் தடுத்தும் கேட்காமல் பொன்னுராஜும் தோள் கொடுத்தார்கள். ஒருவர் உயரம், ஒருவர் குள்ளம். தெரு முக்கு வரை பாடை ஒருபக்கம் சாய்ந்தபடியே போனது. கஸ்தூரி வாசலில் நின்று அது திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.